சொந்தக் காலில் வந்த வேன்

அந்த வேன் விற்பனைக்கு இருக்கிறது என்று என் வீட்டுக்காரரின் போனுக்குப் படம் அனுப்பிய புண்ணியவான் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்பேன். படத்தில், லப்பைக்குடிகாட்டில் ஒரு வீட்டின் கொல்லைப்புறம், முருங்கை மரத்தடியில் ஒரு பழைய பாசஞ்சர் வேன் நின்றது. முன்கண்ணாடியில் குறுக்காக ஒரு விரிசல். கதவுகளுக்குக் கீழே தகரம் துருவேறிப் பல்லை இளித்தது. கூரை முழுக்க முருங்கைப்பூ. இதைப் போய் ஒரு மனுஷன், பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"பழைய இரும்புக்காரன்கூட யோசிச்சுத்தாங்க எடுப்பான்" என்றேன்.

"பாடிதான் போச்சு புள்ள. இன்ஜின் நல்லாருக்காம். பட்டி பாத்து, பெயின்ட் அடிச்சு, சீட்டு தச்சுட்டா புது வண்டி இதுகிட்ட நிக்காது" என்றார்.

அவர் குரலில் உயிர் இருந்தது. அதைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்ததால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் டிரைவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். அந்த வகையறாவில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தது இவர்தான். கீழப்பழுவூரைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்கும் ஒரு கதவு எண் உண்டு. யாருக்கும் அது தெரியாது. 'டிரைவர் வூடு' என்றால் தபால்காரரிலிருந்து சிலிண்டர் போடுகிறவர் வரை நேரே வந்து நிற்பார்கள். நான் அங்கன்வாடி டீச்சர். இந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தவள். இருந்தும் பெரியவர்களுக்கெல்லாம் நான் 'டிரைவர் வூட்டம்மா'தான். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு, எரிச்சலைவிடப் பெருமை அதிகமாகவே உண்டு.

சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் ஐப்பசியில் ஒருநாள் திடீரென்று வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். முதலாளியோடு சண்டை என்றார். நானும் நம்பினேன். வீட்டில் உட்கார்ந்த பிறகு ஆளே மாறிப்போனார். டிவி சத்தத்துக்குக் கோபம், சாம்பாரில் உப்புக்குக் கோபம். தெருவில் யாராவது "என்ன டிரைவரே, வண்டி இல்லையா?" என்று கேட்டுவிட்டால் போதும், உள்ளே வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். கார் ஓட்ட ஒருவர் கூப்பிட்டார், பஸ்ஸுக்கு ஒருவர் கூப்பிட்டார். "அடுத்தவன் வண்டியத் தொட மாட்டேன். ஓட்டுனா சொந்த வண்டிதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படிப் படுத்துக் கிடந்த மனுஷன் ஒரு துருப்பிடித்த வேனுக்காக எழுந்து சவரம் செய்துகொண்டால் நான் என்னத்தைச் சொல்வது? வேன் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் அவர் மறுபடி டிரைவராக வேண்டும் என்று என் மனசு துடித்தது.

முகூர்த்தத்துக்கு ஆள் ஏற்றலாம், செட்டிகுளம் மலைக்கோயிலுக்கு டிரிப் அடிக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றலாம் என்று ஒரே கணக்கு. கடைசியாகச் சொன்னதில்தான் நானும் விழுந்தேன். என்னிடம் படித்து முடித்துப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் லாரிகள் பறக்கிற ரோட்டின் ஓரமாகத்தான் நடந்துபோக வேண்டும். வேன் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே தாய்மார்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் வந்தது எதிர்வீட்டுப் பெண். அவள் மகள் என் மடியில் தூங்கி வளர்ந்த குழந்தை. "டீச்சர், பள்ளிக்கூடம் தொறக்கையில எம்மவளுக்கு ஒரு எடம் வெச்சுடுங்க" என்றாள். "எங்க வூட்டு வண்டில அவள ஏத்தாம வேற யார ஏத்தப் போறோம்?" என்று வாக்குக் கொடுத்தேன்.

மாசி மாதம் நல்ல நாள் பார்த்து லப்பைக்குடிகாட்டுக்குப் போனோம். வேனின் சொந்தக்காரர் சவுதியில் இருந்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பிய பாய். வண்டி அவருடைய அத்தா, அதாவது அப்பா, வாங்கியது. "இந்த ஊர்ல பாதிப்பேரு வெளிநாடு போனது இதுல ஏறித்தான். பிளைட்டு ஏறப்போறது ஒருத்தராத்தான் இருக்கும். அழுதுகிட்டே கூட வர்ற சனம் வண்டி நெறைய இருக்கும். திருச்சி ஏர்போர்ட்டு வரைக்கும் அழுகைதான்" என்று சிரித்தார். சீட்டுப் பஞ்சை எலி கொறித்திருந்தது. தரையில் இருந்த ஓட்டையை ஏதோ கடையின் விளம்பரத் தகட்டை வைத்து அடைத்திருந்தார்கள். பின்சீட்டில் ஒரு கோழி அடையிருந்தது. அதைக் கிளப்ப மனசில்லாமல் முட்டைகளோடு கூடைக்கு மாற்றிவிட்டுத்தான் பாயின் சம்சாரம் எங்களுக்கு டீ போடப் போனாள்.

என் வீட்டுக்காரர் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையால் தடவித் தடவிப் பார்த்தார். துரு எங்கே மேலோட்டம், எங்கே உள்ளே தின்றிருக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொன்னார். ரேடியேட்டர் ஒழுகுகிறது, பிரேக்கை மூன்று தடவை அழுத்தி மிதித்தால்தான் பிடிக்கிறது என்று ஒரு குறை விடாமல் கண்டுபிடித்தார். பாய்க்கே ஆச்சரியம். கடைசியில் அவருக்குக் கவலை வந்துவிட்டது.

"டிரைவரே, பிரேக்கு சரியில்ல. எடது பக்கம் பின்னால பாக்குற கண்ணாடி வேற இல்ல. எஃப்.சி. முடிஞ்சு வருசமாச்சு. ரெக்கவரி வண்டிக்குச் சொல்றேன், தூக்கிவெச்சு எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

"செத்த மாட்டத்தான் வண்டில ஏத்துவாங்க பாய். வாங்குன மாடு நடந்துதான் வூடு வரணும்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. சந்தையில் மாடு பிடித்தால் நடத்தித்தான் கூட்டிவருவார்கள். வாசலில் ஆரத்தி எடுத்த பிறகுதான் தொழுவத்தில் கட்டுவார்கள். மாடுகள் குறைந்து டிராக்டரும் வேனும் வந்தபோது வழக்கத்தை அப்படியே அவற்றுக்கும் மாட்டிவிட்டார்கள். வாங்கிய வண்டி சொந்தக் காலில் வீடு வர வேண்டும். வீட்டுக்காரி மடியில் தேங்காயும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு முன்சீட்டில், டிரைவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து வர வேண்டும். அதற்காகத்தான் நான் லீவு போட்டுவிட்டு, இருப்பதில் நல்ல பட்டுப்புடவையாகக் கட்டிக்கொண்டு, எலி கொறித்த சீட்டில் உட்காரத் தயாராக நின்றேன்.

"சரி, கண்ணாடியாவது ஒன்னு மாட்டிக்கிட்டுப் போங்க. கடைத்தெருவுல கெடைக்கும்" என்றார் பாய்.

"கண்ணாடி எதுக்கு பாய்? அதான் எங்க வூட்டம்மா உக்காருதே" என்றார் இவர்.

பாயின் சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாலு பேர் முன்னால் அவர் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"பிஸ்மில்லா சொல்லி எடுங்கண்ணே" என்றாள் அந்தப் பெண். இவர் சத்தமாக பிஸ்மில்லா என்றார், வாய்க்குள் முருகா என்றார், சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது, கக்கியது, கொல்லை முழுக்கப் புகையாக்கிவிட்டுக் கிளம்பியது. அவருடைய முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். இருபது வயது குறைந்திருந்தது.

தெருவைத் தாண்டுவதற்குள்ளேயே ஒரு ஆடு குறுக்கே வந்தது. "ஆடுங்க!" என்று கத்தினேன். மூன்று மிதி மிதித்து நிறுத்தினார். ஆடு தன் வழியே போயிற்று. "நல்லாத்தான் பாக்குற" என்று என்னைப் பாராட்டினார். எனக்கு அப்போது இருந்த பயமெல்லாம் வழியில் போலீஸ் கையைக் காட்டினால் என்ன சொல்வது என்பதுதான். இன்ஜின் மூடி எனக்கும் அவருக்கும் நடுவே கொதித்தது. விளம்பரத் தகட்டின் இடுக்கில் ரோடு ஓடுவது தெரிந்தது. மடியில் இருந்த தேங்காயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

குன்னம் போகிற ரோட்டில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். ரோட்டின் இடது பாதியை மஞ்சளாக அடைத்து, ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்தே தெரிந்தது. ஒதுங்கிப் போவார் என்று சும்மா இருந்தேன். ஒதுங்கவில்லை. இடது சக்கரம் கல்லை ஏறித் தள்ளிச் சோளத்துக்குள் இறங்கிக் கரகரவென்று அரைத்துக்கொண்டு போனது. விளக்குமாற்றோடு நின்ற அம்மாள் கொடுத்த வசவை நான் இங்கே எழுத முடியாது.

"பிரேக்கு புடிக்கல" என்றார்.

நான் அவருடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு வந்தபோது அந்தக் கால் படபடவென்று மிதித்தது. சோளம் வந்தபோது அது அசையவே இல்லை. மிதிக்காத பிரேக் எப்படிப் பிடிக்கும்? கேட்கலாமா வேண்டாமா என்று தொண்டையில் வைத்துக்கொண்டே வந்தேன். கேட்டால் அந்த முகம் பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுமோ என்று பயம்.

குன்னம் தாண்டியதும் ரோடு கொஞ்சம் குறுகியது. எங்களுக்கு இடது பக்கமாக ஒரு பைக் வந்தது. ஒரு ஆள் ஓட்ட, பின்னால் அவன் மனைவி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். என் ஜன்னலுக்கு நேராக, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்தார்கள். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்த நேரம் பார்த்து வேன் இடது பக்கம் சாய ஆரம்பித்தது. மெதுவாக, அவசரமே இல்லாமல், அவர்களைக் கண்டுகொள்ளாமல் சாய்ந்தது. அந்தப் பெண்ணின் புடவைத் தலைப்பு எங்கள் வண்டித் தகரத்தில் உரசியதைப் பார்த்தேன்.

"ஐயோ, வலது பக்கம் ஒடிங்க! ஒடிங்க!" என்று அலறினேன்.

ஒடித்தார். பைக் மண்ணில் இறங்கித் தடுமாறி, ஒரு காலை ஊன்றி நின்றது. விழவில்லை. அவன் கையை ஓங்கிக்கொண்டு கத்தியது சின்னதாகிக்கொண்டே போனது.

"என்ன? யாரு?" என்றார் இவர்.

எதன் மேல் ஏறப் போனோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டு, கோழி தரையில் கிடக்கிற தானியத்தைப் பார்ப்பதற்குத் திரும்புவதுபோல, கழுத்தை முழுசாகத் திருப்பி என் பக்கம் பார்த்தார். கண்ணை மட்டும் ஓட்டினால் போதுமே, எதற்கு இத்தனை பெரிய திருப்பம்?

அங்கன்வாடியில் அப்படித் தலையைத் திருப்புகிற பிள்ளைகளை நான் உடனே கண்டுபிடித்துவிடுவேன். தாயைக் கூப்பிட்டுக் கண்ணாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுவேன். ஊரார் பிள்ளைகளின் கண்ணையெல்லாம் பார்த்தவள், எங்கள் வீட்டில் இடது கைப்பக்கம் வைத்த டம்ளர் ஏன் தினமும் கவிழ்கிறது என்று யோசிக்கவில்லை. கல்யாண வீடுகளில் இவர் ஏன் இடது பக்கம் சுவர் இருக்கிற நாற்காலியாகத் தேடி உட்காருகிறார் என்றும் யோசிக்கவில்லை. கவனமில்லாத மனுஷன் என்று திட்டியதோடு சரி.

"ஓரமா நிறுத்துங்க."

"எதுக்கு? நல்லாத்தான போயிட்டிருக்கு."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல."

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை, அணைத்தால் மறுபடி எடுக்குமோ எடுக்காதோ. வண்டி நடுங்கிக்கொண்டே நின்றது.

"எடது கண்ணு எத்தினி நாளா தெரியல?"

ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"போன வருசத்துலேருந்து மங்கிக்கிட்டே வந்துச்சு. இப்ப வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது."

"ஆஸ்பத்திரிக்குப் போவலியா?"

"போனேன். சக்கரையில நரம்பு போயிடுச்சாம். வராதுன்னுட்டாங்க."

முதலாளியோடு சண்டை எதுவும் நடக்கவில்லை என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. லாரியில் கிளீனர் இருந்தவரை இவருக்கு ஒரு பிரச்சினையும் வரவில்லை. இடது பக்கம் பார்ப்பது எப்போதுமே கிளீனரின் வேலை. ஜன்னலில் தலையை நீட்டி, தகரத்தைத் தட்டி, "வரலாம் வரலாம், ரைட்டு" என்று அவர் சொல்லச் சொல்ல இவர் போய்விடுவார். செலவைக் குறைக்கக் கிளீனர் வேண்டாம் என்று முதலாளி நிறுத்தினார். அந்த வாரமே தொழிற்சாலை வாசல் தூணில் லாரி உரசிவிட்டது. தூணுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் நின்றிருந்தாராம்.

"ஒரு சாண் புள்ள. ஒரு சாண்ல தப்பிச்சாரு. அன்னிக்கு எறங்குனவன்தான்."

"எறங்குனீங்கல்ல? பொறவு எந்தத் தைரியத்துல புள்ளைங்கள ஏத்துறேன்னு கெளம்புனீங்க?"

"நீதான் கூட இருப்பியே..."

"நான் அங்கன்வாடியப் பாப்பேனா, உங்களுக்குக் கண்ணா உக்காந்து வருவேனா?"

"ஒரு ஆள வெச்சுக்கலாம்."

"கண்ணு தெரியலன்னு சொல்லி வெப்பீங்களா, சொல்லாம வெப்பீங்களா?"

எனக்கு வந்த கோபத்தில் மடியிலிருந்த தேங்காயை எடுத்து முன்கண்ணாடியில் அடித்திருப்பேன். கண்ணாடி வேண்டாம், என் வூட்டம்மா இருக்கிறாள் என்று அவர் சொன்னதும் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதும் நினைவுக்கு வந்து இன்னும் எரிந்தது. அதே சமயம் அவரைப் பார்க்கவும் முடியவில்லை. இத்தனை மாதமாக இதை ஒற்றையாளாக வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்திருக்கிறார். என்னிடம் சொல்லக்கூடாதா? சொன்னால் நான் விட்டுவிட்டா போய்விடுவேன்?

"அரியலூர்லேருந்து ஒரு டிரைவரக் கூப்பிடுவோம்" என்றேன்.

"வேணாம்." அவர் குரல் கெஞ்சியது. அவர் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. "நம்ம தெரு வரைக்கும் நான் ஓட்டிட்டு வரேன். ஒரே தடவ. என் சொந்த வண்டிய நானே ஓட்டியாந்து நம்ம வாசல்ல நிறுத்திட்டு எறங்கிடறேன். அப்பறம் சாவியத் தொட மாட்டேன். புள்ளைங்கள ஏத்த மாட்டேன்னு தெருவுல நானே சொல்லிடறேன்."

"யாரு மேல சத்தியம்?"

"ஒம்மேல."

புத்தி வேண்டாம் வேண்டாம் என்றது. வாய் சரி என்று சொல்லிவிட்டது. அவர் கையிலிருந்து அந்த ஸ்டியரிங்கைப் புளியமரத்தடியில் வைத்துப் பிடுங்க என்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் பேசியது பேச்சே இல்லை. "எடது காலி. காலி. சைக்கிள் வருது, மெதுவா. போயிடுச்சு. பள்ளம். ஆளு நிக்கிறாரு, நிக்கிறாரு, தாண்டியாச்சு." அரியலூருக்குள் நுழைந்தபோது என் ஜாக்கெட் முழுக்க நனைந்திருந்தது. பஸ்களும் ஷேர் ஆட்டோக்களும் எங்களுக்கு இடது பக்கமாகவே நுழைந்து வந்தன. ஒவ்வொன்றுக்கும் நான் பெயர் சொல்லிக் கத்தினேன். அவர் மறுபேச்சு பேசாமல் நான் சொன்னபடி ஒடித்தார், மிதித்தார். எங்களுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை அதற்கு முன்னால் இருந்ததே இல்லை. அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

ஊரைத் தாண்டி கீழப்பழுவூர் ரோட்டில் ஏறியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் பிடித்துக்கொண்டன. எதிரே ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை. ரோட்டோரச் செடிகளெல்லாம் வெள்ளை பூசிக்கொண்டு நின்றன. அந்தத் தூசியில் எனக்கே இடது பக்கம் சரியாகத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லவும் பயமாக இருந்தது. ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்று, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து கும்பலாக ரோட்டுக்கு வந்தார்கள்.

"புள்ளைங்க! மிதிங்க! மிதிங்க!"

ஒன்று, இரண்டு, மூன்று என்று மிதித்தார். வண்டி நின்றது. முன்னால் வந்த பெண்பிள்ளை எங்கள் பம்பரைக் கையால் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினாள். பின்னால் லாரி ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தது. என் வீட்டுக்காரர் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். இனிமேல் அவரே ஓட்டமாட்டார், சத்தியமெல்லாம் தேவையில்லை என்று அப்போது நிம்மதியாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவுக்குள் வேன் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. தெருவே வாசலில் நின்றது. நாத்தனார் ஆரத்தித் தட்டோடு நின்றாள். பூசணிக்காய் உடைத்தார்கள். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். துருவையும் விரிசலையும் யாரும் பார்க்கவில்லை. "டிரைவரு சொந்த வண்டியோட வந்துட்டாருய்யா" என்று ஒரு சித்தப்பா சத்தம் போட்டார். இவர் கீழே இறங்கி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வேனுக்கு முன்னால் நின்றார். மறுபடி அந்த இருபது வயது குறைந்த முகம்.

எதிர்வீட்டுப் பெண் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அப்ப ஸ்கூல் தொறந்ததும் எம்மவளுக்கு எடம் உண்டுதானண்ணே?"

நான் அவரைப் பார்த்தேன். இப்போது சொல்வார். சொல்லிவிடுவார்.

"உண்டான்னு கேக்கணுமா? மொத சீட்டே ஒம்மவளுக்குத்தான்" என்றார்.

என் மேல் செய்த சத்தியம் கீழப்பழுவூர்த் தூசியோடு போயிற்று. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"ஏத்தாதீங்க" என்றேன். "அவருக்கு எடது கண்ணு தெரியாது. இன்னிக்கு வழி பூராவும் நான் பாத்துச் சொல்லித்தான் வண்டி வந்துச்சு. யாரும் புள்ளைங்கள ஏத்தாதீங்க."

இவர் சிரித்தார். "டீச்சருக்கு லாரியப் பாத்துப் பயந்து போச்சு. நான் வந்த வரத்தப் பாத்திருக்கணும். பேக்டரி வளைவுல ரெண்டு லாரி எதுக்க வரான்..." என்று கையை ஆட்டி ஆட்டிக் கதையை ஆரம்பித்தார். கூட்டமும் சிரித்தது. டிரைவர் பேச்சா, டிரைவர் வூட்டம்மா பேச்சா என்றால் எங்கள் தெரு எந்தப் பக்கம் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா?

எதிர்வீட்டுப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. மகளை என் பக்கம் தள்ளி நிறுத்திவிட்டு, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு அவருடைய இடது பக்கம் போய் நின்றாள். ஒன்றும் பேசாமல் வலது கையைத் தூக்கினாள். அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையை விரித்து ஆட்டினாள்.

அவர் பாட்டுக்கு லாரிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் கையை இன்னும் கிட்டே கொண்டுபோய் ஆட்டினாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஆரத்தித் தட்டை வைத்திருந்த நாத்தனார் வாயில் கையை வைத்துக்கொண்டாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் ஏன் அடங்கிப்போயிற்று என்று புரியாமல், சுவாரசியம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டோ என்னவோ, அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். வலது பக்கம் வந்த லாரியை எப்படித் தாண்டினார், எப்படி ஒடித்தார் என்று கடைசிவரை சொல்லி முடித்துவிட்டு, தானே சிரித்தார். அந்தக் கை ஆடிக்கொண்டே இருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இறக்கினேன். அவளுடைய வளையல்கள் சத்தம் கேட்டுத்தான் அவர் கழுத்தைத் திருப்பினார். என் கையையும் அதற்குள் இருந்த அவள் கையையும் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். சாவியை நாத்தனாரின் ஆரத்தித் தட்டில் வைத்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

நான் முகம் கழுவி, புடவை மாற்றி, சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். படுக்கவில்லை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவ எவ்ளோ நேரம் கைய ஆட்டுனா?" என்று கேட்டார்.

"இப்பத்தான். நான் உடனே புடிச்சுட்டேன்."

"பொய் சொல்லாத. நான் அந்த லாரிக் கதைய முழுசா சொல்லி முடிச்சேன்."

தட்டைக் கீழே வைத்தேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"அந்தக் கொழந்தய நான் ஏத்தியிருப்பேன்" என்றார். "நீ சொல்லலன்னா ஏத்தியிருப்பேன்."